பெயரும் செயலும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்துக்கும் இடையே ஏழு கல் தொலைவுதான். மேற்கே மலைத்தொடர் உடன்வர, பேருந்தில் அரைமணி நேரத்தில் கடந்துவிடலாம். முன்னது ஆண்டாள் கோயிலாலும் அதன் நெடிதுயர்ந்த கோபுரத்தாலும் பெயர் பெற்றது. பின்னது நூற்பாலைகளால் பெயர் பெற்றது. இவ்விரு ஊர்களையும் 'தீவிரவாதம்', 'பயங்கரவாதம்' என்னும் சொற்களோடு சேர்த்து எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும் அச்சொற்களின் வரலாற்றை ஆராயப் புகுந்தபோது, இவ்விரு ஊர்களும் நமக்குப் பாடம் சொல்லும் பள்ளிகளாகவே அமைந்தன.

பயங்கரவாதத்தை ஆராய்வது இன்று பல்கலைக்கழகங்களில் தனியொரு துறையாக வளர்ந்துள்ளது. அதற்கெனப் பேராசிரியர்கள் இருக்கின்றனர், ஆய்விதழ்கள் வெளிவருகின்றன, உலகெங்கும் நிகழ்ந்த தாக்குதல்களைத் தொகுத்த பட்டியல்கள் உள்ளன. இது அறிஞர்களின் மேசையோடு நின்றுவிடும் செய்தியன்று. அவ்வாய்வுகளின் முடிவுகள் சட்டங்களாகின்றன. எவரை வழிமறித்துச் சோதிப்பது, எவர் வீட்டை நள்ளிரவில் தட்டுவது என்பதையும் அவை தீர்மானிக்கின்றன. பெயரைக் கேட்ட மாத்திரத்தில் வாடகைக்கு வீடு தர மறுக்கப்பட்ட இளைஞர்கள் நம் சமுதாயத்தில் உண்டு. ஆகவே இத்துறை எங்ஙனம் பிறந்தது, எங்கெங்கே வழி தவறியது, இறுதியில் எதைக் கண்டறிந்தது என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

சொல்லின் கதை

முதலில் சொற்களைப் பார்ப்போம். பயங்கரவாதம் என்று நாம் குறிப்பதற்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் சொல், பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793, 1794 ஆம் ஆண்டுகளில் பாரிசை ஆண்டோர் நடத்திய கொலை ஆட்சியைக் குறிக்கவே பிறந்தது. ஓர் அரசு தன் குடிகளுக்குச் செய்த கொடுமைக்கு இட்ட பெயர் அது. அரசை எதிர்ப்போரின் செயலுக்கு அது பெயரானது பிற்காலத்தில்தான்.

தமிழில் வழங்கும் 'தீவிரவாதி' என்னும் சொல்லின் கதையோ இன்னும் வியப்புக்குரியது. 1907 டிசம்பரில் சூரத்தில் கூடிய காங்கிரசு மகாசபை இரண்டாகப் பிளந்தது. கோகலே முதலானோர் மிதவாதிகள் எனப்பட்டனர். திலகர் வழி நின்றோர் தீவிரவாதிகள் எனப்பட்டனர். கப்பலோட்டிய தமிழர் வ.உ. சிதம்பரனார் தீவிரவாதி. அவருடைய சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு 8000 பங்குகளை 2 இலட்சம் ரூபாய்க்கு வாங்கித் தோள் கொடுத்த வணிகப் பெருமகன் ஹாஜி முகம்மது பக்கீர் சேட் அந்தத் தீவிரவாதியின் நண்பர். அன்று அச்சொல்லைப் பெருமையோடு சூடிக்கொண்டவர் பலர். இன்று அச்சொல் ஒருவர்மேல் விழுந்தால் அவர் குடும்பமே தலைகுனிகிறது. எழுத்து மாறவில்லை, பொருள் மாறிவிட்டது.

பொருள் இவ்வாறு மாறக்கூடுமாயின், அச்சொல்லை ஆராய்ச்சிக்கு அடிப்படையாகக் கொள்வது எவ்வளவு இடர் நிறைந்தது என்பது விளங்கும். இதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சீமையிலேயே பழைய சான்றொன்று இருக்கிறது.

கான் சாகிபுவின் இரு பெயர்கள்

பதினெட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஆற்காட்டு நவாபு முகம்மது அலியும் அவருக்குத் துணைநின்ற ஆங்கிலக் கம்பெனியும் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் வரி தண்ட முனைந்தனர். பாளையக்காரர்கள் பணியவில்லை. நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவர் மேற்குப் பாளையங்களை ஓரணியாகத் திரட்டினார். இன்றைய இராசபாளையத்தை ஒட்டியுள்ள சேத்தூரும் கொல்லங்கொண்டானும் அவ்வணியைச் சேர்ந்தவை. மதுரையிலிருந்து இப்பாளையங்களை நோக்கி வரும் படைகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வாயில் போன்றிருந்தது. எனவே அவ்வூர்க் கோட்டைக்காகப் போர்கள் மூண்டன.

இப்போர்களைச் சமயப் போர்களாகக் காண்போர் ஏமாந்து போவர். பூலித்தேவரோடு தோள் சேர்ந்து நின்றோரில் நபிகான் கட்டாக்கு முதலிய பட்டாணியத் தலைவர்கள் இருந்தனர். நவாபின் உடன்பிறந்த மகபூஸ்கானே பின்னர் தம்பியைப் பகைத்துப் பூலித்தேவர் பக்கம் சேர்ந்தார். அவர்களை அடக்க வந்த படைத்தலைவரும் ஒரு முஸ்லிமே. அவர்தாம் முகம்மது யூசுப்கான். மக்கள் வழக்கில் கான் சாகிபு.

இராமநாதபுரம் சீமைப் பனையூரில் பிறந்தவர் அவர். வேளாளர் குடியில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவியவர் என்பது மரபு வழிச் செய்தி. திருச்சிராப்பள்ளி முற்றுகைக் காலத்தில் கம்பெனிச் சிப்பாய்களின் தலைவராக நின்று, தளபதி லாரன்சின் வாயாரப் புகழ் பெற்றார். கம்பெனியார் பொற்பதக்கம் அளித்தனர். 1759 முதல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிருவாகம் அவர் கைக்கு வந்தது. 1761-இல் நெற்கட்டுஞ்செவலும் வாசுதேவநல்லூரும் அவர் படைக்கு வீழ்ந்தன. அதுவரை கம்பெனியின் ஏடுகளில் அவருக்கு வழங்கிய பெயர் 'விசுவாசமுள்ள ஊழியர்' என்பதே.

நவாபுக்கும் அவருக்கும் பகை முற்றியது. 1763-இல் அவர் தம்மைச் சுதந்திர ஆட்சியாளராக அறிவித்துக் கொண்டார். அன்றே பெயர் மாறிற்று, விசுவாசி கலகக்காரரானார். மதுரைக் கோட்டையில் நீண்ட முற்றுகையைத் தாங்கி நின்றவரை, உள்ளிருந்தோரே காட்டிக் கொடுத்தனர். 1764 அக்டோபர் 15 ஆம் நாள் மதுரைக்கு அருகில் தூக்கிலிடப்பட்டார். அவர் உடல் துண்டாடப்பட்டு வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பப்பட்டதாக மக்கள் இன்றும் சொல்வர். சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கத்தலம் உள்ளது. 150 ஆண்டுகள் கழித்து, 1914-இல், எஸ்.சி. ஹில் என்னும் ஆங்கிலேயர் அவர் வரலாற்றை விரிவாக எழுதினார். அந்நூலின் தலைப்பிலும் அவர் 'கலகக்காரத் தளபதி'யாகவே நிற்கிறார்.

இங்கே மற்றொரு செய்தியையும் ஒப்பு நோக்குதல் வேண்டும். 1755-இல் கர்னல் ஹெரான் என்பவர் கம்பெனிப் படையோடு தெற்கே வந்தார். திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரு சிறு கோட்டையை அப்படை பிடித்தபோது, உள்ளிருந்த 400 பேரில் அறுவரே உயிர் பிழைத்தனர். ஆண், பெண், குழந்தை என்னும் வேறுபாடின்றி ஏனையோர் வெட்டி வீழ்த்தப்பட்டனர். அன்று சென்னை ஆட்சிக் குழுவில் இருந்த இராபர்ட் ஓர்ம் என்னும் வரலாற்றாசிரியரே இதனைப் பதிவு செய்துள்ளார். ஹெரான் பின்னர் இராணுவ நீதிமன்றத்தால் பதவி நீக்கம் செய்யப்பட்டார். எனினும் குழந்தைகளையும் வெட்டிய அச்செயலுக்கென்று எந்தக் கொடும்பெயரையும் வரலாறு சூட்டவில்லை.

நேர்மை ஒருபக்கமாக இருத்தல் ஆகாது. கான் சாகிபுவும் கள்ளர் நாட்டில் காடுகளை வெட்டிச் சென்றபோது, பிடிபட்டவர்களைக் குற்றவாளிகள் என்று சொல்லிக் கொன்றவர்தாம். நம்மவர் என்பதற்காக அதனை மறைத்தால் நாம் எழுதுவது வரலாறாகாது. பெயரை விலக்கிவிட்டுச் செயலை மட்டும் தராசில் வைத்தால், போரிட்ட வீரர்களோடு போரிட்டது ஒரு பக்கமும், கையில் ஆயுதமற்றோரைக் கொன்றது மறுபக்கமும் தனித்தனியே நிற்கும். அந்த இரண்டாவது தட்டில் ஹெரானும் இருப்பார். கான் சாகிபுவின் அச்செயலும் இருக்கும்.

எண்ணிப் பார்த்த முதல் ஆய்வு

1910 வரை ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலி மாவட்டத்தோடு இருந்தது; அவ்வாண்டில்தான் புதிதாக அமைந்த இராமநாதபுரம் மாவட்டத்துக்கு மாறியது. மறு ஆண்டு, 1911 சூன் 17 ஆம் நாள், திருநெல்வேலி மாவட்ட ஆட்சித் தலைவர் ஆஷ், மணியாச்சி இரயில் நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். அங்கேயே தம்மையும் சுட்டுக்கொண்டார். தொடர்ந்த சதி வழக்கில் நீலகண்ட பிரம்மச்சாரி உள்ளிட்டோர் தண்டனை பெற்றனர்.

வாஞ்சிநாதனிடம் கிடைத்த கடிதத்தில் நாட்டுப்பற்றோடு சமய உணர்ச்சியும் கலந்திருந்தது என்பதை ஆய்வாளர் பலரும் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆயினும் அதற்காக அவர் பிறந்த சமயத்தாரையோ சமூகத்தாரையோ கொலையாளிகள் என்று எவரும் கூறுவதில்லை. கூறுவது நியாயமும் ஆகாது. இந்த நியாயம் எல்லார்க்கும் உரியது என்பதே நாம் வேண்டுவது.

இத்தகைய நிகழ்ச்சிகளை ஆராய 1917 டிசம்பரில் ஆங்கில அரசு ஒரு குழுவை அமைத்தது. இலண்டனிலிருந்து வந்த நீதிபதி ரௌலட் அதன் தலைவர். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி சி.வி. குமாரசாமி சாஸ்திரியும் ஓர் உறுப்பினர். 1918-இல் வெளிவந்த அதன் அறிக்கையில், சென்னை மாகாணத்துக்கெனவும் ஒரு பகுதி உண்டு. இன்றைய ஆய்வுத்துறையின் பாட்டனார் என்று அவ்வறிக்கையைச் சொல்லலாம். ஏனெனில், எப்படிப்பட்டோர் இவ்வழிக்கு வருகின்றனர் என்று அது எண்ணிப் பார்த்தது. 1907 முதல் 1917 வரை வங்காளத்தில் புரட்சிக் குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றோரும் மாண்டோருமான 186 பேரைப் பட்டியலிட்டு, வயது, சாதி, தொழில் ஆகியவற்றைக் குறித்தது. அவர்களுள் 124 பேர் 16 வயது முதல் 25 வயது வரையிலான இளைஞர். 68 பேர் மாணவர்.

எண்ணியது அறிவுடைமை. எண்ணியபின் செய்தது என்ன? இளைஞர்களும் மாணவர்களும் ஏன் கொதித்தெழுந்தனர் என்னும் வினாவை, அவர்களுடைய படிப்பு, பத்திரிகை, ஆசிரியர் ஆகியவற்றின் கேடு என்று சொல்லி அக்குழு முடித்துக்கொண்டது. தன் அரசின் நடத்தையைத் தராசில் ஏற்றவில்லை. விசாரணையின்றிச் சிறைவைக்கும் ரௌலட் சட்டம் 1919 மார்ச்சில் பிறந்தது. ஏப்ரல் 13-இல் ஜாலியன்வாலாபாக்கில் 379 பேர் மாண்டதாக அரசே கணக்குக் காட்டிற்று. ஆய்வு அரசின் அடப்பக்காரனாகும்போது என்ன விளையும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அதே காலத்தில் தென்பாண்டி நாட்டில் வேறொரு கொடுமையும் நடந்தது. 1871-இல் வடநாட்டில் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மக்கள் அதனை ரேகைச் சட்டம் என்றனர். கள்ளர், மறவர் குலங்களிற் பல பிரிவினர், பிறந்த குடியின் பெயராலேயே காவல் நிலையத்தில் கைரேகை வைக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டனர். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-இல் துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் மாண்டனர். 1947-இல்தான் சென்னை மாகாணம் அச்சட்டத்திலிருந்து மீண்டது. கான் சாகிபு காலத்தில் ஓர் ஆளின்மேல் ஒட்டப்பட்ட பெயர், இங்கே ஒரு குடி முழுவதன்மேலும், தொட்டிற் குழந்தையின்மேலும் ஒட்டப்பட்டது.

இராசபாளையத்துக் காந்தியர்

இவையெல்லாம் அந்நியர் ஆட்சியின் கேடுகள் என்று சொல்லி நாம் அமைதி கொள்வதற்கில்லை. 1949 ஏப்ரலில் சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் பொறுப்பை ஏற்றவர் இராசபாளையம் பூ.ச. குமாரசாமி ராஜா. பழுத்த காந்தியர், எளிமையும் நேர்மையும் நிறைந்தவர், தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலைமன்றமாக ஊருக்கு எழுதித் தந்தவர். அவருடைய நல்லெண்ணத்தில் ஐயம் கொள்ள இடமில்லை. அதனாலேயே அவருடைய ஆட்சிக்காலம் நமக்குப் பெரிதும் பாடமாகிறது.

1948-இல் கம்யூனிஸ்டுக் கட்சி ஆயுதப் போராட்ட வழியை மேற்கொண்டது. தெலங்கானாவில் போர் நடந்தது. பல இடங்களில் வன்செயல்கள் நிகழ்ந்தன. அரசு வாளாவிருத்தல் இயலாது என்பது மெய்யே. 1949-இல் சென்னை மாகாணத்தில் அக்கட்சி தடை செய்யப்பட்டது. ஆனால் வலை வீசியபோது, வெடிகுண்டு வைத்தவனும் புத்தகம் விற்றவனும் ஒரே வலையில் சிக்கினர். 1950 பிப்ரவரி 11-இல் சேலம் சிறையில், பூட்டிய சுவர்களுக்குள் இருந்த கைதிகள்மேல் சூடு நடந்து 22 பேர் மாண்டனர். அதே மாதம் நாடாளுமன்றம் தடுப்புக் காவல் சட்டத்தை நிறைவேற்றியது. மார்ச்சு 10-இல் வழக்கறிஞர் வி.ஜி. ராவ் பொதுச் செயலாளராக இருந்த மக்கள் கல்விக் கழகம், சட்ட விரோதமான சங்கம் என அறிவிக்கப்பட்டது. அவ்வறிவிப்புக்கு ஆயுதமாயிருந்தது 1908 ஆம் ஆண்டுச் சட்டம். சுதேசிக் காலத்துத் தீவிரவாதிகளை ஒடுக்க வெள்ளையர் வார்த்த வாளையே, அத்தீவிரவாதிகளின் வாரிசுகள் எடுத்து வீசினர்!

நீதிமன்றங்கள் இதில் நடுநிலையைத் தேடின. சென்னைச் சிறையிலிருந்த ஏ.கே. கோபாலன் தொடுத்த வழக்கில், 1950 மே 19-இல் உச்சநீதிமன்றம் பெரும்பான்மையோர் கருத்தின்படி தடுப்புக் காவல் சட்டத்தை ஏற்றது. அதன் ஒரு பிரிவை மட்டும் தள்ளியது. நீதிபதி சையித் பசல் அலி மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். ஒருவரின் உரிமையைப் பறிக்கும் சட்டம், நியாயமான நடைமுறையையும் கொண்டிருத்தல் வேண்டும் என்பது அவர் நிலை. அன்று தனிக் குரலாயிருந்த அக்கொள்கை, 1978-இல் மேனகா காந்தி வழக்கில் நாட்டின் சட்டமாயிற்று. வி.ஜி. ராவ் வழக்கிலோ சென்னை உயர்நீதிமன்றம் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1952 மார்ச் 31-இல் உச்சநீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. ஒரு சங்கத்தைச் சட்ட விரோதமென்று அரசு தன் கருத்தாக மட்டும் சொன்னால் போதாது. அதற்கான காரணங்கள் நீதிமன்ற விசாரணைக்கு உட்படுதல் வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். பெயர் சூட்டினால் மட்டும் போதாது, செயலைக் காட்டுக என்று நீதி கேட்டது.

அவ்வாண்டுத் தேர்தலில் குமாரசாமி ராஜா தம் சொந்த வட்டாரத்திலேயே தோல்வியுற்றார். ஆயுதத்தைக் கைவிட்டுத் தேர்தலுக்கு வந்த கம்யூனிஸ்டுகள் சென்னைச் சட்டமன்றத்தில் 62 இடங்களைப் பெற்றனர். நேற்றுக் கைதியாயிருந்த கோபாலன் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி வரிசையின் தலைவர்களுள் ஒருவரானார். வாக்குச் சீட்டுக்கு வழி திறந்தால் துப்பாக்கி தானே கீழே வைக்கப்படுவதும் உண்டு என்பதற்கு, நம் மாகாணமே கண்ட சான்று இது.

அறிஞர் கண்டது

1970-களுக்குப் பின்னர் இத்துறை பல்கலைக்கழகங்களில் வேர்விட்டது. முதல் இடர்ப்பாடு, பயங்கரவாதம் என்றால் என்ன என்பதே. நெதர்லாந்தில் பணியாற்றிய அலெக்ஸ் ஷ்மிட் என்னும் அறிஞர், 1984-இல் வெளியிட்ட நூலில் 109 இலக்கணங்களைத் திரட்டி ஆராய்ந்தார். ஒன்றோடொன்று பொருந்தாதவை பல. ஒருவனுக்குக் கொலைஞன் மற்றவனுக்கு விடுதலை வீரன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வோரும் இருந்தனர். அப்பேச்சுக்கு அறிஞர்கள் கண்ட மறுமொழி எளியது. செய்பவன் யார், அவன் குறிக்கோள் நல்லதா என்று கேட்காதீர். செய்தது என்ன என்று கேளுங்கள். அரசியல் நோக்கத்துக்காக ஆயுதமற்ற பொதுமக்களைக் குறிவைத்துக் கொன்று, எஞ்சியோரை அச்சுறுத்துவது பயங்கரவாதம். குறிக்கோள் தூயதாயினும் அச்செயல் தூயதாகாது. செய்தவர் சீருடை அணிந்திருப்பினும் கொடுமை குறையாது.

இவ்வாறு செயலைப் பற்றிக்கொண்டபின் பல மயக்கங்கள் கலைந்தன. அமெரிக்க அறிஞர் மார்த்தா கிரென்ஷா, 1981-இலேயே, இவ்வழியில் செல்வோரை மனநோயாளர் என்று ஒதுக்குவது தவறென்றார். அரசியற் சூழலையும் அமைப்பின் கணக்குகளையும் பார்க்கச் சொன்னார். இராபர்ட் பேப் என்பவர் 1980 முதல் 2003 வரை நடந்த 315 தற்கொலைத் தாக்குதல்களை ஆராய்ந்து 2005-இல் நூலாக்கினார். அவற்றுள் 76 தாக்குதல்களை நடத்தி முதலிடத்தில் நின்றது, எந்தச் சமயத்தையும் கொடியாக ஏந்தாத இலங்கை விடுதலைப் புலிகள் இயக்கம். 1991-இல் திருப்பெரும்புதூரில் இராஜீவ் காந்தியோடு பலரைப் பலிகொண்ட குண்டும் அவ்வகையினதே. தற்கொலைத் தாக்குதலை ஒரே சமயத்தின் பிள்ளையாகக் காட்டியோர்க்கு அவ்வெண்கள் மறுமொழியாயின. மார்க் சேஜ்மன் 2004-இல் அல்காயிதாவைச் சூழ்ந்திருந்த 172 பேரின் வாழ்க்கையை ஆராய்ந்தார். பெரும்பாலோர் வறியரல்லர், கல்லாதவரல்லர், சமயக் கல்விக் கூடங்களில் வளர்ந்தவருமல்லர். நட்பும் உறவுமே அவர்களை உள்ளே இழுத்தன என்று கண்டார்.

ஆயினும் பழைய நோய் மீண்டும் தலைதூக்கியது. 2005-இல் இலண்டனில் குண்டுகள் வெடித்தபின், இளைஞர்கள் படிப்படியாகத் தீவிரமடைவதைப் பற்றிய பேச்சு எங்கும் பரவிற்று. நியூயார்க் நகரக் காவல்துறை 2007-இல் வெளியிட்ட அறிக்கை, அதற்கு நான்கு படிகளை வகுத்தது. அப்படிகளில் ஏறுவதன் அடையாளங்களாக அது சொன்னவற்றுள், புகையையும் மதுவையும் சூதையும் விடுவது, தாடி வளர்ப்பது, சமூகப் பணிகளில் ஈடுபடுவது ஆகியனவும் அடங்கும்! ஒரு தந்தை தன் மகன் திருந்தியதாக எண்ணி இறைவனுக்கு நன்றி சொல்லும் மாற்றங்களே, காவலரின் குறிப்பேட்டில் குற்றத்தின் அறிகுறிகளாயின. பள்ளிவாசல்களையும் தேநீர்க் கடைகளையும் கண்காணிக்க அக்காவல்துறை வைத்திருந்த தனிப்பிரிவு, ஆறு ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்த்த குறிப்புகளிலிருந்து பயங்கரவாத விசாரணை ஒன்றுகூடத் தொடங்கப்படவில்லை என்பதை அத்துறையின் உயர் அதிகாரியே வாக்குமூலத்தில் ஒப்புக்கொண்டார். 2014-இல் அப்பிரிவு கலைக்கப்பட்டது. 2016-இல் வழக்குச் சமரசத்தின் ஒரு பகுதியாக அவ்வறிக்கையும் இணையத்திலிருந்து நீக்கப்பட்டது. ரேகைச் சட்டம் கடல் கடந்து சென்று, அங்கும் தோற்றது என்று சொல்வது மிகையாகாது.

நம் கடன்

இவ்வளவு சொன்னபின், நம் தமிழ்நாட்டுக் காயத்தைத் தொடாமல் விடுவது கோழைத்தனமாகும். 1997 நவம்பர் இறுதியில் கோயம்புத்தூரில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் மாண்டனர், கடைகள் சூறையாடப்பட்டன. 1998 பிப்ரவரி 14-இல் அதே நகரில் தொடர் குண்டுகள் வெடித்தன. 58 பேர் மாண்டனர், இருநூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். நீதிபதி கோகுலகிருஷ்ணன் விசாரணைக் குழு இரண்டையும் ஆராய்ந்தது.

முன்னதைச் சொல்லிப் பின்னதற்கு நியாயம் தேடுவோர் நம்மிடையே உண்டு. பின்னதைச் சொல்லி முன்னதை மறப்போர் வெளியே உண்டு. இரு சாராரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். காரணத்தை ஆராய்வது வேறு. குற்றத்தை மன்னிப்பது வேறு. மருத்துவர் நோயின் காரணத்தைத் தேடுவது, நோயைப் பாராட்டுவதற்காக அன்று. கடைத்தெருவில் நடந்து சென்ற ஒருவரைக் கொன்ற குண்டு, எவர் பெயரால் வைக்கப்பட்டதாயினும் பயங்கரவாதமே. அதைத் தயக்கமின்றிச் சொல்லும் உரிமையும் கடமையும் நமக்கே முதலில் உண்டு. அதே நாவினால், அச்செயலுக்காகத் தமிழகமெங்கும் எத்தனையோ குடும்பங்கள் ஐயத்துக்கு ஆளானதும் அநீதி என்று சொல்வோம். அவ்வழக்கில் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்து, 2007-இல் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டவரும் உண்டு. அவர் இழந்த ஆண்டுகளை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது. ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்பது நம் மறை கற்பித்த நீதி. அது நமக்குச் சாதகமாகும்போது மட்டும் நினைவுக்கு வரக்கூடாது.

நம் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இத்துறையில் நம்மைப் பற்றிப் பிறர் எழுதியவை ஏராளம்; நாம் எழுதியவை மிகச் சில. வரலாறு, சட்டம், சமூகவியல் ஆகியன பயில்வோர் இத்துறைக்குள் நுழைதல் வேண்டும். கோவையில் உயிரிழந்தோரின் இரு பக்கத்துக் குடும்பங்களையும் ஒரே பரிவோடு சந்தித்து எழுதுவோர் வேண்டும். அறிஞர் கண்டபடி, வழிதவறும் பிள்ளையை நண்பர் வட்டமே இழுத்துச் செல்கிறதென்றால், அவனை மீட்கக்கூடியதும் அவ்வட்டமே. அவனோடு பேசுவதற்கு வீட்டிலும் பள்ளிவாசலிலும் ஒரு மூத்தவர் இருத்தல் வேண்டும்.

விருதுநகர் மாவட்டத்தின் மாவட்ட நீதிமன்றம் இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. இராசபாளையத்தார் வழக்கென்றால் அந்த ஏழு கல் வழியேதான் வரவேண்டும். கான் சாகிபுவின் படை நடந்த சீமையில் இன்று வழக்குக் கட்டுகளோடு மக்கள் நடக்கின்றனர். கூண்டில் ஏறுபவன் எந்தக் குலம், எந்த மதம், எவர் வீட்டுப் பிள்ளை என்பது அங்கே வழக்கன்று. என்ன செய்தான், எப்போது செய்தான், கண்டவர் யார் என்பதே வழக்கு. இருநூற்றைம்பது ஆண்டு வரலாறும் நூற்றொன்பது இலக்கணங்களும் சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்த இடமும் அதுவே. அந்த எளிய நியாயத்தை நாட்டிடம் கேட்போம். கேட்குமுன் நம்மிடத்தில் நாமே நிலைநாட்டுவோம்.